விருந்தாளியின் கண்

மதுரை நாட்டைப் பற்றி ஒரு சீனர் எழுதிவைத்த அபிப்பிராயம் ஒன்று உண்டு. மதுரைக்காரர்கள் அதை ரசிக்கமாட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த யுவான் சுவாங், தெற்கே மலகூடம் என்று ஒரு நாட்டைச் சொல்கிறார். அது பாண்டிய நாடுதான் என்பது சரித்திரக்காரர் பலருடைய முடிவு. மண் உவர்மண், வெயில் கடுமை, ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, வியாபார லாபமே குறி என்று எழுதிவிட்டார். சங்கம் வளர்த்த ஊருக்கு இப்படி ஒரு நற்சாட்சிப் பத்திரம்! ஆனால் அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை, காதால் கேட்டதைத்தான் எழுதினார் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அவரிடம் சொன்னவர் மதுரைக் கடைத்தெருவில் ஏமாந்துபோன யாராவது காஞ்சிபுரத்துக்காரராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

சரி, அவர் காணாமல் எழுதினார். கண்டு எழுதுகிறவர்கள் மட்டும் சரியாகக் கண்டுவிடுகிறார்களா? ஜே. சி. குமரப்பா சீனாவைப் பற்றி எழுதி 1952ல் வெளியான 'பீப்பிள்ஸ் சைனா' என்ற சிறு ஆங்கில நூலை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழுகிறது.

குமரப்பா நம் பக்கத்து மனிதர் என்றே சொல்லலாம். பிறந்தது தஞ்சாவூரில், ஆனால் கடைசிக் காலத்தைக் கழிக்க அவர் தேர்ந்துகொண்டது கல்லுப்பட்டி காந்தி நிகேதனம். திருமங்கலம் தாண்டி ராஜபாளையம் போகிற வழியில், பருத்தியும் சோளமும் விளைகிற கரிசல் பூமி. அங்கே அவருடைய குடிசையில் காந்தியின் படம் ஒன்றும், ஏழைக் குடியானவன் ஒருவனின் படம் ஒன்றும் இருந்தனவாம். முதல் படத்தில் இருப்பவர் என் குரு, இரண்டாவது படத்தில் இருப்பவன் என் குருவுக்குக் குரு என்று வந்தவர்களிடம் சொல்வாராம்.

1951ல் பண்டிட் சுந்தர்லால் தலைமையில் சீனா சென்ற நல்லெண்ணக் குழுவில் அவரும் ஒருவர். திரும்பி வந்து, அங்கே நிலம் உழுகிறவன் கைக்குப் போனதை மனம் திறந்து பாராட்டினார். காந்தி பக்தர் கம்யூனிஸ்டு ஆகிவிட்டார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தப் பேச்சில் சாரமில்லை. அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதற்குக் காரணம் பீகிங்கில் இல்லை, டில்லியில் இருக்கிறது. சுதந்திரம் வந்ததும் காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். இடைத்தரகன் கூடாது, உழுகிறவனுக்கே நிலம், நில உடைமைக்கு உச்சவரம்பு வேண்டும் என்று அந்தக் கமிட்டி 1949ல் அறிக்கை கொடுத்தது. அறிக்கையை வாங்கியவர்களுக்கு அவசரம் இல்லை. சென்னை ராஜ்யத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்புச் சட்டம் வந்தது 1961ல். அதைப் பார்க்க அவர் இல்லை. தான் எழுதிக் கொடுத்தது அலமாரியில் தூங்கும்போது, அதே காரியம் இன்னொரு தேசத்தில் நடந்து முடிகிறதைப் பார்க்கிற மனிதன் எப்படிப் பார்ப்பான்? சீனாவைப் பற்றி அவர் எழுதிய நூலை நான் இந்தியாவைப் பற்றிய நூலாகவே படிக்கிறேன். அது குறையல்ல, வெளிநாட்டுப் பிரயாண நூல்களில் உருப்படியானவை எல்லாம் அப்படித்தான்.

என் குறை வேறு. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்றவர். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் வறுமையை ஆராயச் சொன்னபோது, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தவர். சர்க்கார் புள்ளிவிவரத்தை அவர் நம்பியதில்லை. அப்படிப்பட்டவர், விருந்தாளியாகப் போன இடத்தில் சில வாரங்களுக்குள், மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக ஒரு பெரிய தேசத்தை அளக்க வேண்டியதாயிற்று. மாத்தரில் செய்ததை அங்கே செய்திருக்கவும் முடியாது. முடியாதது குற்றமில்லை. ஆனால் அளவுகோல் கையில் இல்லாதபோது பாராட்டிலும் கொஞ்சம் கை இழுத்துப் பிடித்திருக்கலாம்.

அவர் கண்டது பொய்யல்ல. 30 கோடிக் குடியானவர்களுக்கு 70 கோடி மு நிலம் பிரித்துக் கொடுத்ததாகச் சீன சர்க்காரின் கணக்கு. (ஒரு மு நம் ஏக்கரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.) கொடுத்த விதத்தில் ரத்தம் இருந்தது, ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி விசாரிக்கப்பட்டு உயிரிழந்த நிலக்காரர்களை லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். இருந்தும், நிலம் கைக்கு வந்தவனின் முகத்தில் தெரிந்த மலர்ச்சியை யாரும் ஜோடித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை.

நம் கரிசல்காட்டுச் சம்சாரி ஒருவரை அந்தக் குழுவில் சேர்த்து அனுப்பியிருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு. "பட்டா யார் பேரில்?" என்று முதலில் கேட்டிருப்பார். காட்டியிருப்பார்கள், பத்திரம் உண்மையாகவே இருந்தது. அவர் விட்டிருக்கமாட்டார். "நாளைக்கே வந்து எல்லோருமாய்ச் சேர்ந்து உழவேண்டும், வரப்பை வெட்டு என்றால், நான் வரமாட்டேன் என்று சொல்ல முடியுமா, அய்யா?" இந்த இரண்டாவது கேள்விதான் கேள்வி. 1955, 56ல் நிலமெல்லாம் கூட்டுப்பண்ணைக்குப் போய்விட்டது. 1958ல் கம்யூன் வந்தது. பல இடங்களில் வீட்டு அடுப்புகூட அணைந்து பொதுச் சமையல் ஆயிற்று. அடுத்து வந்த பஞ்சத்தில் இறந்தவர்களை ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை பலவிதமாகக் கணிக்கிறார்கள்.

அதே ஆண்டுகளில் சீனா போய்வந்த ராஜா ஹத்தீசிங், நேருவின் தங்கை கணவர், 1953ல் வேறு விதமாக எழுதினார். அவருக்கு உற்சாகத்தின் அடியில் பயம் தென்பட்டது. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் அவர் கண்ணே கூர்மையான கண் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டு, மறுபடி கையில் எடுக்க மனம் விரும்புவது குமரப்பாவின் நூலைத்தான். பயத்தைக் கண்டவருக்குப் பசி அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. நிலமில்லாதவனுக்கு ஒரு துண்டு நிலம் என்பது என்ன என்று கல்லுப்பட்டிக்காரருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் ஒருவரே கண்டு எழுதிய புத்தகம் என் கைக்கு இதுவரை வந்து சேரவில்லை.

குமரப்பா 1960 ஜனவரி 30ந் தேதி, காந்தி மறைந்த அதே தேதியில், சென்னையில் காலமானார். அந்தக் குளிர்காலத்தில் சீனக் கிராமங்களில் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. அந்தச் செய்தி வெளி உலகத்துக்கு வர வெகு காலம் பிடித்தது.