ஸ்ரீமாலாகாரரும் கூலிப் பூவும்

சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓர் உபந்யாஸம் முடிந்தபின், பூக் கட்டிப் பிழைக்கும் ஒருவர் அடியேனை அணுகினார். “சாமி, பெரியாழ்வார் பெருமாளுக்குன்னே மாலை கட்டினார். நான் முழத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கிக் கட்டறேன். இதுவும் கைங்கர்யமாகுமா?” என்றார். புரட்டாசியில் திருமலை ப்ரஹ்மோத்ஸவத்திற்கு மண்டபங்களில் கூடிப் பூத்தொடுத்து அனுப்பும் அடியார்களும், பூக்கடைகளில் கூலிக்குத் தொடுப்பவர்களும் சேலத்தில் உளர். நாரும் ஒன்றே, முடிச்சும் ஒன்றே. ஆகவே இவ்வினா ஆராயத்தக்கது.

இதற்கு இக்காலத்தார் இருவகையாக விடை கூறுவர். எத்தொழிலாயினும் மனமொன்றிச் செய்தால் அதுவே வழிபாடு என்பர் ஒரு சாரார். கூலி கலந்தவிடத்துக் கைங்கர்யம் இல்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பூர்வர்கள் காட்டிய நெறிக்குப் பொருந்துமாறில்லை.

பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கர்யத்தில் இழிந்ததற்குக் குருபரம்பரை ஒரு காரணம் கூறும். எம்பெருமானுக்கு உகப்பான அடிமை எது என்று ஆழ்வார் ஆராய்ந்தார். மதுரையில் கண்ணன் தானே ஸ்ரீமாலாகாரர் மனைக்குச் சென்று பூவை விரும்பியதைக் கண்டு, அதனையே தமக்குக் கைங்கர்யமாகக் கொண்டார் என்பது அது. ஆழ்வார் முன்மாதிரியாகக் கொண்ட ஸ்ரீமாலாகாரர் யார்? மாலையால் ஜீவிப்பவர் என்றே ஸ்ரீவிஷ்ணுபுராணம் (5ஆம் அம்சம், 19ஆம் அத்யாயம்) அவரைச் சுட்டுகிறது. ஆகக் கூலியே கைங்கர்யத்தை அழிக்கும் எனில், ஆழ்வாரின் தேர்வுக்கே அடி இல்லையாம்.

ஆயின் தொழிலே வழிபாடு என்று கொள்ளலாமோ எனில், அதுவும் ஆகாது. அதே அத்யாயத்தில், ஸ்ரீமாலாகாரரைக் காண்பதற்கு முன்பே, கம்ஸனுடைய ஆடைகளை வெளுத்துச் சாயமிடும் ரஜகன் எதிர்ப்படுகிறான். அவனும் கைத்தொழில் வல்லவனே. ‘இவை அரசனுடையவை’ என்று ஆடையை மறுத்து, பழித்து, முடிந்தான். ஸ்ரீபாகவதமோ, அதன்பின் ஒரு நெசவாளர் உவந்து ஆடை அணிவித்து அருள் பெற்றதாகக் கூறும். இருவர் கையிலும் இருந்தது ஆடையே; உடையவனை அறிந்ததும் அறியாததுமே வாசி. கைத்திறன் தானாக உயர்வு தருமாயின் இவ்வேறுபாடு கூடாது.

‘ஸ்ரீமாலாகாரர் அன்று விலை பெறாமல் தந்தாரன்றோ?’ எனில், உண்மையே. அதற்குமுன் அவர் விற்ற பூவைப் புராணம் கைங்கர்யம் என்று கூறவில்லை. ஆனால் அவ்விற்பனையில் பழகிய கையே, நாதன் மனை புகுந்த அன்று உதவிற்று. கண்ணனும் அவர் தொழிலை விடச் சொல்லவில்லை. திருமகள் உன்னை விட்டு நீங்காள், பொருளுக்குக் குறைவு வாராது, முடிவில் என் நினைவு உண்டாகும் என்றே வரமளித்தான். ஜீவனத்தை இகழாமல் காத்தமை இங்கு நோக்கத்தக்கது.

எம்பெருமானார் நியமனத்தால் திருமலையில் நந்தவனம் செய்த அனந்தாழ்வான் ஐதிஹ்யமும் இதற்குத் துணை. பூத்தொடுக்கையில் திருவேங்கடமுடையான் அழைத்தும், தொடுத்து முடித்த பின்னரே அவர் சென்றார் என்பர். இதனை, தெய்வத்தினும் தொழில் பெரிது என்பதற்குச் சான்றாக எடுத்தாளுவது பிழை. தாம் காணும் இன்பத்தினும் அவன் சூடும் இன்பத்தையே அவர் பெரிதாக நினைத்தார் என்று கொள்வதே சேஷத்வத்திற்குச் சேரும். கைவேலையில் செய்பவனுக்கு உண்டாகும் நிறைவு பொய்யன்று; ஆயினும் அது பயன் அன்று. அவன் திருமுகமலர்ச்சியே பயன்.

ஆதலால் கூலி வாங்குவது கைங்கர்யத்திற்குத் தடையன்று. வாங்காமை மட்டும் அதற்குத் தகுதியுமன்று. தன் பெயர் விளங்க வேண்டும் என்று கூலியின்றித் தொடுப்பவனைக் காட்டிலும், ‘இது அவன் திருமேனியில் உறுத்தலாகாதே’ என்று நாரின் முடிச்சைத் தளர்த்திக் கட்டும் கூலிக்காரன் ஆழ்வாருக்கு அணியன்.

இவ்வளவும் விண்ணப்பித்தபோது, அவர் தம் விரல்களைச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பின்பு, “அப்போ நாளைக்குக் கோயிலுக்குப் போற பூவை நானே பார்த்துப் பொறுக்கறேன், சாமி” என்றார். அடியேன் எழுதியதற்கு அதுவே நல்ல வ்யாக்யாநம்.