கூனனும் எண்ணெய் மனிதனும்

பேய்க்கதை என்ற மாத்திரத்தில் முகஞ்சுளிப்பது நம்மில் சீர்திருத்தம் பேசுவோரின் வழக்கம். அதற்குக் காரணமும் உண்டு. பேயின் பேரால் நம்மவர் இழந்த பணமும் மானமும் கொஞ்சமல்ல. ஆயினும், 1958-ஆம் ஆண்டில் பி. ரம்லி தாமே இயக்கித் தாமே தலைமைப் பாத்திரமும் ஏற்று நடித்த 'சும்பா ஓராங் மிஞ்யாக்' என்னும் மலாய்ப் படத்தை, அதில் பிசாசு வருகிறது என்பதற்காக ஒதுக்கித் தள்ளுவது தவறு என்பது எனது அபிப்பிராயம். படத்தின் பெயருக்கு 'எண்ணெய் மனிதன் சாபம்' என்று பொருள் கொள்ளலாம்.

கதை இதுதான். ஓர் ஊரில் ஒரு கூனன். முகமும் விகாரம். மெழுகெழுதி பாத்தேக் துணி தீட்டுவதில் அவனுக்கு இணை அங்கில்லை. அவன் கைத்துணி ஊராருக்கு வேண்டும். அவன் மட்டும் வேண்டாம். பெங்குலுவின் மகள்மீது அவன் ஆசை வைக்கிறான். அவளோ வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அடியும் அவமானமுமே மிஞ்சுகின்றன. அப்பொழுது, ஓராங் புனியான் என்று மலாய்க்காரர் சொல்லும், மனிதர் கண்ணுக்குப் புலப்படாத இனத்தாரின் அரசன் அவனுக்கு அழகிய உருவம் அளிக்கிறான். செருக்குக் கொள்ளலாகாது என்பது நிபந்தனை. ஊர் திரும்பியவன் பழிவாங்கப் புகுந்து நிபந்தனையை மீறுகிறான். அதன் தண்டனையாக எவர் கண்ணுக்கும் தெரியாதவனாகிறான். மீண்டும் மனிதர் கண்ணிற்பட வேண்டும் என்ற ஏக்கத்தால் சாத்தானோடு உடன்படிக்கை செய்து, உடலெல்லாம் எண்ணெய் வழியும் பயங்கர உருவமாக ஊருக்குள் வருகிறான்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கண்ணுக்குத் தெரியாமற் போவது அவனுக்குப் புதிய தண்டனையா? கூனனாக இருந்த காலத்தில் அவனை யார் பார்த்தார்கள்? புனியான் அரசன் இட்ட சாபம், ஊரார் முன்னரே செய்து முடித்திருந்த காரியத்திற்கு ஒரு பெயர் கொடுத்ததேயன்றி வேறில்லை. சித்திரக்காரனாக இருந்தவரையில் அவன் பேச்சை எடுக்காத ஊர், எண்ணெய் மனிதனாக வந்த இரவு முதல் அவனையன்றி வேறெதையும் பேசுவதில்லை. ரம்லி இதனை வசனமாக எழுதி நம் காதில் ஓதவில்லை. கதையின் போக்கிலேயே வைத்துவிட்டார். படத்தின் சிறப்பு அதுவே.

நிற்க. கிள்ளானுக்கு அடுத்த தோட்டமொன்றில் நான் சிறுவனாயிருந்தபொழுது, உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் இருந்தார். கால் சற்று ஊனம். பிரட்டுக்களத்தில் கடைசி ஆளாக நிற்பார். ஒருமுறை அவருக்கு எட்டு நாட் கூலி விட்டுப்போயிற்று. ஆபீசு வாசலில் மூன்று நாள் நின்றார். 'அப்புறம் வா' என்பதற்குமேல் விடை இல்லை. அந்த ஆண்டு முனியாண்டி கோயில் திருவிழாவில், உடுக்கை ஒலித்த வேளையில், அவருக்கு ஆவேசம் வந்தது. தலை அவிழ்ந்து ஆடிக்கொண்டே, "எம் பொண்ணு கூலிய எவன்டா எடுத்தான்? குடி வெளங்காது!" என்று முனியின் குரலிற் கேட்டார். மறுநாட் காலையில், அதுவரை அவர் முகத்தை நிமிர்ந்து பாராத கிராணியார், கூலியை எண்ணி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

முனி வந்ததென்று நான் நம்பவில்லை. அந்த அம்மாள் நடித்தார் என்றும் சொல்லத் துணியேன். அவர் சொந்தக் குரலிற் கேட்டபொழுது கேளாத காது, முனியின் குரலுக்குத் திறந்தது என்பதை மட்டும் அறிவேன். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அன்றுமுதல் பிள்ளைகளை அவர் வீட்டுப் பக்கம் போகவிடமாட்டார்கள். எங்கள் அம்மாவும் விடவில்லை. 'முனி அடிச்ச வீடு' என்றே பேராயிற்று. கூலி வந்தது, அண்டை அயல் போயிற்று. நானும் இன்று ஒரு கிராணி. செக்ரோல் எழுதுகிறேன். ரம்லியின் கூனனைத் திரையிற் பார்க்கும்பொழுது எனக்கு நினைவில் வருபவர் அந்த அம்மாளே. ஆபீசு வாசலில் இன்று நிற்பவர்களையும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்களிற் பெரும்பாலோர் இப்பொழுது வேறு நாட்டார்.

படத்தில் குறையில்லையா என்றால், பெருங்குறை உண்டு. ஏழு நாளில் 21 கன்னியரைக் கெடுக்க வேண்டும் என்பது சாத்தானின் கட்டளை. அந்தப் பெண்கள் படத்தில் அலறுகிறார்களேயொழிய, அவர்களுக்கென்று ஒரு வாழ்வு காட்டப்படவில்லை. கூனனை ஒருவரும் பாராததற்காக நம்மை வருந்தச் செய்த இயக்குநர், அந்தப் பெண்களைத் தாமும் பார்க்கவில்லை. பின்பாதி தந்திரக்காட்சிகளால் நீளுகிறது. அதைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் இதற்கு ஓராண்டு முந்திய படமொன்றை நினைக்காமலிருக்க முடியவில்லை. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் 1957-இல் இயக்கிய 'பொந்தியானாக்' என்னும் படத்திலும், அழகற்ற கூனிப் பெண்ணொருத்தி மந்திரத்தால் அழகு பெறுகிறாள். மரியா மெனாடோ நடித்தது. இரத்தம் அவள் நாவிற் படலாகாது என்பது அங்கே நிபந்தனை. கணவனைப் பாம்பு தீண்ட, அவள் விஷத்தை வாயால் உறிஞ்சுகிறாள், இரத்தமும் படுகிறது, பேயாகிறாள். கூனன் கெட்டது பழியுணர்ச்சியால். இவள் கெட்டது அன்பினால். கதையளவில் இதுவே உயர்ந்ததென்பேன். ரம்லிக்கு 1950-இல் 'பக்தி' படத்தின் வாயிலாக முதன்முதற் கதாநாயகன் வேடம் தந்தவரும் சென்னையிற் பிறந்த எல். கிருஷ்ணன் என்னும் நம்மவரே என்பதையும், அவரும் 1958-இல் ஓர் எண்ணெய் மனிதன் படம் எடுத்தார் என்பதையும் நம் இளைஞர்களில் எத்தனைபேர் அறிவர்?

'பொந்தியானாக்' படத்தைத் தேடிப் பார்க்கலாமென்றால் வழியில்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் படச்சுருள்களை ஈயக்குட்டையில் எறிந்துவிட்டதாகச் சொல்லுகிறார்கள். அவ்வரிசையில் ராவ் எடுத்த மூன்று படங்களில், 1958-இல் வந்த மூன்றாவது மட்டுமே இன்று பார்க்கக் கிடைக்கிறது.