சதுரங்கப் பெயர் பூண்ட இசைத்தட்டு

பெர்லின் நகரத்து இசைஞர் மானுவேல் கோட்ஷிங் 1981 டிசம்பர் 12 ஆம் நாள் தம் இசைக்கூடத்தில் தனியே அமர்ந்து, இடையில் நிறுத்தாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாசித்துப் பதிந்த இசைக்கு ‘இ2–இ4’ என்று பெயர். 1984 இல் முதன்முதல் வெளிவந்த இதனை, 2016 இல் தம் சொந்த நிறுவனத்தின் வழியே மீண்டும் இசைத்தட்டாக்கினார். 2022 டிசம்பரில் அவர் மறைந்தார். மின்னொலிக் கருவிகளும் மின்கிதாரும் கொண்டு ஜெர்மானியர் படைத்த இவ்வகை இசையைப் ‘பிரபஞ்ச இசை’ என வழங்குவர். இத்தட்டுக்கு அப்பெயர் பொருந்தாது என்பது நம் கருத்து. பொருந்தாமையே இதன் சிறப்பு என்றும் கூறுவோம்.

1970 இல் கோட்ஷிங் தம் நண்பர் இருவருடன் கூடி அமைத்த குழுவின் பெயர் ‘ஆஷ் ரா டெம்பல்’. ‘ரா’ என்பது பண்டைய எகிப்தியரின் சூரிய தெய்வம். ஃபிர்அவ்னுடைய நாட்டுத் தெய்வத்தைத் தலையில் சூடிக்கொண்டு வானத்தை எட்டப் புறப்பட்டவர்களை என்னென்பது! 1972 இல் எல்.எஸ்.டி. என்னும் போதைப் பொருளைப் புகழ்ந்து திரிந்த அமெரிக்கர் டிமோத்தி லியரியுடன் சேர்ந்து ‘செவன் அப்’ என்றொரு தட்டும் பதிந்தனர். பானத்தில் அப்பொருள் கலந்திருந்தமையால் அமைந்த பெயர் என்பர்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஸமாஃ பற்றி எழுதுமிடத்தில், நரம்புக் கருவிகளை விலக்கியதற்குக் காட்டும் காரணம் ஈண்டு நினைக்கத்தக்கது. ஓசை இனியது என்பதற்காக அவர்கள் விலக்கவில்லை. அது குடிகாரர் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டது, குடியை நினைவூட்டுவது என்பதற்காகவே விலக்கினார்கள். ‘செவன் அப்’ அக்கூற்றுக்குக் கைமேல் சான்று. மார்க்கத் தீர்ப்பு வழங்க நாம் இங்கே அமரவில்லை. அதனை உலமாக்களிடம் கேட்டறிக. ஆயினும் ஸூஃபியாக்கள் மயக்கத்தை ‘சுக்ர்’ என்றும் தெளிவை ‘ஸஹ்வு’ என்றும் பிரித்து, ஜுனைதுல் பக்தாதி (ரஹ்) போன்றோர் தெளிவையே உயர்வாகக் கொண்டார்கள் அல்லவா? அச்சொற்களின் ஆன்மீகப் பொருளை ஒரு ஜெர்மானியர் மேல் ஏற்றாமல், அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொண்டால், ‘இ2–இ4’ தெளிவின் பக்கம் நிற்பது.

இரண்டே சுரக் கூட்டுகள் மாறி மாறி வருகின்றன. ஒரு மணி நேரமும் அவ்வளவே. அவற்றின் மேல் சிற்றொலிகள் ஒவ்வொன்றாய்ச் சேர்கின்றன, விலகுகின்றன. சேர்ந்த கணத்தை நாம் அறிவதில்லை. சற்றுக் கழித்தே, ‘இது முன்பு இல்லையே’ என்று உணர்கிறோம். கேட்பவரைத் தூக்கி எறிகிற முழக்கமோ வானுலகம் காட்டும் பகட்டோ ஓரிடத்திலும் இல்லை. ஏறக்குறையப் பாதி நேரம் கடந்த பின்னரே கிதார் நுழைகிறது. இத்துணைக் காலம் தம் சொந்தக் கருவியைத் தொடாமல் பொறுத்திருந்த அடக்கம் வியப்புக்குரியது. நுழைந்த பின்போ விரல் வித்தை சில இடங்களில் மிகுந்து, அவ்வடக்கம் தளர்ந்துவிடுகிறது. இதனைக் குறை என்றே சொல்வோம். 1989 இல் இத்தாலியர் சிலர் இவ்விசையை எடுத்துச் ‘சுவேனோ லத்தீனோ’ என்று ஆட்டக் கூடங்களுக்கு அனுப்பிவைத்தது வேறு கதை.

பெயரைப் பாருங்கள். அரசன் முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தும் முதல் ஆட்டம் அது. பகுதிகளுக்கும் சதுரங்கச் சாயலிலேயே பெயர்கள்: முதலாவது ‘அமைதியான பதற்றம்’, இறுதியானது வெற்றி தோல்வியற்ற முடிவு. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் வழியே அரபகம் சென்று ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று. அப்பாஸிய அவையில் அஸ்ஸூலி ஆடிய ஷத்ரஞ்சில் இந்நகர்வுக்கு இடமில்லை. ‘பைதக்’ ஒரு கட்டமே செல்வான். இரு கட்டப் பாய்ச்சல் பின்னாளில் ஐரோப்பியர் சேர்த்தது. கோயிலும் சூரியனும் பேசியவர், ஏறக்குறையப் பத்தாண்டில் ஒரு காலாளின் அடியளவுக்கு இறங்கி வந்தார். இறங்கியதும் இசை உயர்ந்தது.

தட்டைப் பற்றி ஒரு சொல். கட்டம் போட்ட உறை கண்ணுக்கு அழகு. ஆனால் பக்கத்திற்கு அரை மணி நேரம் அடைத்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கி ஒலி மெலியும். அதனினும் பெரிய இடர், நடுவில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருப்பது. அறுபடாமையே உயிரான இசையை ஊசி அறுத்துவிடுகிறது. உறையை விரும்புவோர் தட்டை வாங்கலாம். கேட்க விரும்புவோர்க்குக் குறுந்தட்டே ஏற்றது.