அதிகரணமும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

ஆராய்ச்சிக் கட்டுரை வரைவார் இக்காலத்துப் பலராயினர். அவருட் சிலர், பல நூல்களினின்றும் எடுத்த மேற்கோள்களை முன்னுரைக்கும் முடிவுரைக்கும் இடையே நிரப்புதலே ஆராய்ச்சியென அமைகின்றனர். அறுத்தடித்த நெல்லைக் களத்திற் குவித்துத் தூற்றாது விடுதல் போல்வது அது.

மெய்கண்ட தேவர் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரமும் 39 அதிகரணமும் உடையது. அதிகரணந்தோறும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்பன முறையே நிற்கும். ஆண்டு மேற்கோளென்பது ஆசிரியர் தாம் நிறுவ மேற்கொண்ட பொருள். வடநூலார் பிரதிக்ஞை என்ப. இன்றை வழக்கில் அச்சொல் பிறர் வாக்கை எடுத்தாளுதலையே குறிக்கின்றது. பின்னைய மேற்கோள் மிகுந்து முன்னைய மேற்கோள் இல்லாத கட்டுரை, தலைவனில்லாச் சேனையாம்.

வைப்புமுறைக்கு முதற் சூத்திரமே சான்று. அதன்கண் அதிகரணம் மூன்று. உலகம் தோற்றம் நிலை இறுதி உடைத்தென்பது முதலாவது. ஒடுங்கிய இடத்தினின்றன்றி அதற்குத் தோற்றமில்லை என்பது இரண்டாவது. ஒடுக்குவோனே முதல்வன் என்பது மூன்றாவது. உலகம் செயப்படுபொருள் எனத் துணியாக்கால் செய்வோனைப் பற்றிய வினா எழாது. செய்வோன் உளன் எனத் துணியாக்கால் அவன் யாவன் என்னும் வினா எழாது. இவற்றுள் ஒன்றை இடம்பெயர்ப்பின் மூன்றும் வீழும். 12 சூத்திரங்களையும் மும்மூன்றாகப் பகுத்து, பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என நான்கியலாக இயைபு காட்டினார், திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் (மறைவு 1785). அவர்தம் மாபாடியம், கட்டுரையாளர் வைப்புமுறை பயிலுதற்குரிய பெருநூலாம்.

இனி, விடயம், ஐயம், பூர்வபக்கம், சித்தாந்தம், சங்கதி என அதிகரணத்திற்கு உறுப்பு ஐந்து. இக்காலத்தார் பெரிதும் நழுவவிடுவன ஐயமும் பூர்வபக்கமுமாம். ஐயமில்வழி ஆராய்ச்சிக்கு இடமேயில்லை. பிறர்கோளை அதன் முழுவலியோடு கூறாது மறுத்தல் வெற்றியாகாது. அருணந்தி சிவாசாரியார் சித்தியார் பரபக்கத்துள் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கையையும் முன்னர் விரித்துரைத்துப் பின்னரே மறுத்தார். எதிரியின் கூற்றைத் திரித்துரைக்கும் எழுத்தாளர் அப்பகுதியை ஊன்றிக் கற்றல் வேண்டும்.

அற்றேல், சித்தாந்தம் முன்னரே துணியப்பட்டமையின் அதிகரணத்து ஐயம் போலியாம்; முடிவறியாது தேடும் இக்கால ஆராய்ச்சிக்கு அம்முறை பொருந்தாதெனின், அற்றன்று. ஆசிரியர்க்குத் துணிந்ததாயினும் மாணாக்கர்க்கு ஐயம் மெய்யே. அன்றியும், வலிய பூர்வபக்கத்தை எடுத்துரைத்து விடையிறாதொழியின் சித்தாந்தம் அவ்விடத்தே சாயும். அவ்விடரைத் தானே ஏற்கும் நூல் போலியாதல் யாங்ஙனம்? கல்வெட்டாலும் சுவடியாலும் ஒரு பொருள் துணியப்படாதாயின், ஐயத்தை ஐயமாகவே நிறுத்துதலும் இம்முறைக்கு இழுக்கன்று. துணியாததைத் துணிந்ததாக உரைத்தலே இழுக்காம்.

ஆகலின், கட்டுரை வரையப் புகுவார் தாம் நிறுவும் பொருளை முதற்கண் ஒரு வாக்கியத்தான் எழுதிக்கொள்க. அதனை மறுப்பார் கூறும் வலிய தடையை அடுத்தெழுதுக. இவ்விரண்டும் எழுத இயலாதாயின், மீண்டும் நூல் கற்றலே தக்கது. எழுதுகோல் எடுத்தற்கு அது காலமன்று.