அயல்மொழித் துறைகளை மதிப்பிடும் அளவுகோல்: ஒரு திறனாய்வு

மேற்கல்விக்குப் பல்கலைக்கழகம் தேடும் மாணவர்க்கு அயல்மொழித் துறைகளைப் பற்றிக் கிடைக்கும் அறிமுகம் பெரும்பாலும் எண்ணிக்கை சார்ந்தது. பத்து மொழிகள் கற்பிக்கும் பல்கலைக்கழகம் ஆறு மொழிகள் கற்பிப்பதைவிட வலிமையுடையது என்பதே அறிமுகக் கையேடுகள் மறைமுகமாக வழங்கும் தீர்ப்பு. ஆசிரியர்களும் அதனை ஆராயாது மாணவரிடம் ஒப்படைத்துவிடுவதுண்டு. இவ்வளவுகோல் ஏற்கத்தக்கதன்று என்பது நம் கருத்து.

மொழி கற்கத் தேவைப்படும் காலத்தைக் கொண்டு இதனை நோக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் ஒரு மொழியைப் பணிக்குரிய அளவில் கையாள, ஸ்பானியத்திற்கு 600 முதல் 750 வரையிலும், தமிழுக்கு ஏறத்தாழ 1,100, ஜப்பானியத்திற்கு 2,200 எனவும் வகுப்பு மணிகளைக் கணக்கிட்டுள்ளது. வாரம் ஐந்து மணி, ஆண்டுக்கு முப்பது வாரம் எனத் தாராளமாகவே கொண்டாலும், பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் கிட்டுவது 150 மணி, மூன்றாண்டில் 450. இது ஸ்பானியத்திற்கே போதாது. ஜப்பானியத்திற்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. (தமிழறிந்த நம் மாணவர்க்கு ஜப்பானியச் சொற்றொடர் அமைப்பு அவ்வளவு அந்நியமன்று, வினை இறுதியில் வருவது அவர்க்குப் பழகியதே. ஆயினும் எழுத்து முறையின் சுமை குறையப்போவதில்லை.)

ஆகவே, முதலாண்டில் எத்தனை மொழிகள் தொடங்கப்படுகின்றன என்பதைவிட, எஞ்சும் மணிகளை ஒரு துறை எங்கே ஈடுசெய்கிறது என்பதே முதன்மையான வினா. அம்மொழி வழங்கும் நாட்டில் ஓராண்டு தங்கிப் பயிலும் ஏற்பாடு பாடத்திட்டத்தின் உறுப்பாக உள்ளதா, மாணவர் தாமே தேடிக்கொள்ள விடப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தமிழ் பயின்ற பலரும் மதுரையில் இந்தியவியல் ஆய்வுக்கான அமெரிக்க நிறுவனம் நடத்திய பயிற்சிக்குச் சென்றமை இங்கு நினைக்கத்தக்கது.

கற்பிக்கப்படுவது எந்த வழக்கு என்பதும் கேட்கப்படுவதில்லை. தமிழையே சான்றாகக் கொள்வோம். தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட இலக்கணம் இக்கால எழுத்துத் தமிழை விளக்குகிறது; ஹெரால்டு ஷிஃப்மனின் 1999ஆம் ஆண்டு இலக்கணம் பேச்சுத் தமிழுக்கு உரியது; ஆர்.இ. ஆஷரும் இ. அண்ணாமலையும் 2002இல் எழுதிய பயிற்சிநூல் பேச்சு வழக்கையே முதன்மைப்படுத்துகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் கற்றவர் நாளிதழ் படிக்கத் தடுமாறுவார், அல்லது கடைக்காரரிடம் ஏட்டுத் தமிழில் பேசி நிற்பார். அரபு மொழியும் இத்தகையதே. பொது எழுத்து வழக்கோடு கெய்ரோவின் பேச்சோ டமாஸ்கசின் பேச்சோ சேர்த்துக் கற்பிக்கப்படுகிறதா என்பதை எந்தக் கையேட்டு அட்டவணையும் சொல்வதில்லை. 'தாய்மொழியாளரே கற்பிப்பர்' என்னும் விளம்பரம் இதற்கு விடையாகாது. தாய்மொழியாளர் என்பது தகுதிகளுள் ஒன்று. இரண்டாம் மொழி கற்பித்தலில் பெற்ற பயிற்சி வேறு.

துறை நிலைத்திருக்குமா என்ற ஐயமும் இப்போது தேவைப்படுகிறது. 2023இல் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் தன் உலகமொழிகள், இலக்கியம், மொழியியல் துறையைக் கலைக்க முடிவெடுத்தது. ஸ்பானியமும் சீனமும் மட்டும் சிற்சில பாடங்களாக எஞ்சின. ஒரு மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகத்திலேயே இந்நிலை எனின், மாணவர் சேரும் முன் கேட்க வேண்டியவை தெளிவு: மூன்றாம் நிலை வகுப்பு கடைசியாக எந்த ஆண்டு நடந்தது? அதில் எத்தனை பேர் இருந்தனர்? அதனை நடத்தியவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்த ஆசிரியரா?

இதே வினாக்களை நம் துறைகளை நோக்கியும் எழுப்பலாம். தமிழறியாத மலாய், சீன மாணவர் தமிழ் கற்க வந்தால், இரண்டாம் நிலையை அவர்கள் முடித்தபின் நாம் தரவிருக்கும் பாடம் எது?