காருகுறிச்சியார் காக்கவைக்கும் இடம்

‘சிங்காரவேலனே தேவா’வில் கைமயிர் குத்திட்டு நிற்கும் இடம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் கடைசிச் சுரங்களைத்தான் சொல்வார்கள். குரலும் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் அந்த வேகம் யாரையும் கட்டிப்போடும். எனக்கு அதற்கு வெகு முன்னாலேயே நடந்துவிடுகிறது. ஜெமினியும் சாவித்திரியும் பேசும் வசனம் முடிந்து, ஜானகி ஆபேரியை ஆகாரத்தில் எடுத்துப்போய் ஓரிடத்தில் விடுகிறார். நாகஸ்வரத்தில் காருகுறிச்சி அருணாசலம் அதைச் சட்டென்று வாங்கிக்கொள்வதில்லை. அரை மூச்சு நேரம் காக்கவைக்கிறார். பிறகுதான் சீவாளி வாய் திறக்கிறது. பின்கழுத்தில் கிளம்பி முழங்கை வரை ஓடும் அந்தச் சிலிர்ப்பு, நாதம் காதில் விழுவதற்கு ஒரு நொடி முன்பே எனக்குத் தொடங்கிவிடும். எத்தனை முறை கேட்டாலும் அப்படித்தான். வரப்போகிறது என்று தெரிவதால்தான் வருகிறதோ என்னவோ.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை விட்டுவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் பேச வந்துவிட்டான் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பிள்ளைவாளின் தோடி பிரவாகம். அதன் முன் நான் அடங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறேன், மறுபேச்சு இல்லை. ஆனால் அவர் யாருக்காகவும் நிற்பவரல்ல. அவருடைய சீடரான காருகுறிச்சியார் நிற்பார். காருகுறிச்சியாரின் பெருமையாக மற்றவர்கள் விரலையும் மூச்சுப் பிடிப்பையும் சொல்கிறார்கள். நான் அவர் விடும் இடைவெளியைச் சொல்வேன். இந்தப் பாட்டு 1962இல் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் வந்த படத்தில். இரண்டே ஆண்டில், 1964இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் போய்விட்டார். அந்த இடைவெளியை இன்னும் எத்தனை ராகத்தில் கேட்டிருப்போம் என்று நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

காத்திருப்பைப் பற்றி நான் சொல்வதை மனப்பிரமை என்று தள்ளிவிட முடியாது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சதோரே குழுவினர், இசையில் சிலிர்ப்பு காண்கிறவர்களை அவரவர் விரும்பிய இசையையே கேட்கவைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். 2011இல் முடிவு வந்தது. டோபமைன் இரண்டு இடத்தில் சுரக்கிறது: உச்சத்தை எதிர்பார்க்கும்போது ஓரிடம், உச்சம் வந்தபோது வேறிடம். எதிர்பார்ப்புக்கென்றே மூளையில் தனியாக ஒரு பங்கு இருக்கிறது. எல்லோருக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை என்பதும் உண்மை. காதும் அறிவும் நன்றாக இருந்து, சாப்பாட்டிலும் பணத்திலும் சுகம் கண்டு, இசையில் மட்டும் ஒன்றும் தோன்றாதவர்கள் இருப்பதை பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். அவர்களோடு வாதாடிப் பயனில்லை.

டேவிட் ஹ்யூரான் என்ற இசையறிஞர் சொல்வது எனக்கு இன்னும் நெருக்கம். மயிர் எழுவது ஆதியில் பயத்தின் வேலை. உடம்பு ஒரு கணம் திடுக்கிடுகிறது. ஆபத்தில்லை என்று மனம் தெரிந்துகொண்டதும் அந்தத் திடுக்கிடலே இன்பமாகிவிடுகிறது. கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறை வெடித்தால், மேலே லைன் வீட்டு அலமாரியில் பாத்திரம் ஆடும். பேச்சு நின்றுபோகும். ஷிப்டுக்குப் போன ஆளை நினைத்து, சங்கு வேளை கெட்டு ஊதிவிடுமோ என்று பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஊதாவிட்டால் மூச்சு வரும். என் அம்மாவின் கையில் அந்த நேரத்தில் மயிர் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் காருகுறிச்சியார் நுழையும்போதும் அதே கைதான் சிலிர்த்தது. 2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். பயம் போயிற்று. காது மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தந்தது காவிரி. சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே கம்பி இழுத்த ஊர் இது. காருகுறிச்சியார் உதட்டில் வைத்த சீவாளியும் காவிரிக் கரை நாணல்தான். ஒரே ஆற்றை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு கேட்டோம் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

இன்றைய கல்யாணங்களில் அந்த அரை மூச்சுக்கு இடமே இல்லை. முதலில் ஒத்துக்காரர் போனார், சுருதிப் பெட்டி வந்தது. ஒத்து என்பது ஒரு மனிதன் மூச்சு. நாகஸ்வரம் நிற்கும்போது அது நிற்காமல் தாங்கி, அடுத்து என்ன வரும் என்று நம்மையும் பிடித்துவைத்திருக்கும். பெட்டி வெறுமனே ஒலிக்கிறது. அடுத்து நாகஸ்வரத்தின் அணசுக்குள் மைக்கைத் திணித்தார்கள். நாலு தெருவுக்குக் கேட்கும் வாத்தியத்துக்கு மைக் எதற்கு? இப்போது வாசலில் செண்டை, உள்ளே டிஜே. எங்கள் ஊர்ப் பெயரில் 2018இல் வந்த கன்னடப் படத்தின் இசையைச் சொல்லி, இதில் சிலிர்க்கவில்லையா என்று பையன்கள் கேட்கிறார்கள். சிலிர்க்கிறது. அவ்வளவு பெரிய முழக்கத்துக்கு எந்த உடம்பும் திடுக்கிடும். ஆனால் முழக்கத்துக்கு மேல் முழக்கம் என்று அடுக்கும்போது மூன்றாம் தடவை உடம்பு பழகிவிடுகிறது. காருகுறிச்சியாரிடம் அது பழகுவதில்லை.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் காதில் இயர்போன் இல்லாத பிள்ளையைப் பார்ப்பது அரிது. ஒருவனிடம் இந்தப் பாட்டைக் கேட்கச் சொன்னேன். வசனத்தையும் ஆலாபனையையும் விரலால் தள்ளிவிட்டுப் பல்லவிக்குப் போனான். நன்றாகத்தான் இருக்கிறது என்றான். அவனைக் குறைசொல்ல மாட்டேன். அப்படி வெட்டிய துண்டுகளைத்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். பசிக்காமலே இலையில் உட்காரவைத்துவிட்டு ருசி தெரியவில்லையே என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

ராபர்ட்சன்பேட்டையில் என் கன்னட நண்பர் ஒருவருக்கு இதெல்லாம் ‘சனாதி அப்பண்ணா’வுக்குப் பிறகுதான். 1977இல் ராஜ்குமார் படம், ஜி.கே. வெங்கடேஷ் இசை, பிஸ்மில்லா கானின் ஷெனாய். வாங்குகிற இடத்தில் கான் சாகிப் குழைந்து வழுக்கிக்கொண்டு உள்ளே வருவார், காருகுறிச்சியாரைப் போலக் காக்கவைப்பதில்லை. அந்தக் குழைவில் எனக்குக் கண் நிறையும், மயிர் எழாது. நண்பருக்கு நேர் எதிர். வருடக்கணக்காக நாகஸ்வரமா ஷெனாயா என்றே இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டிலும் வாத்தியத்துக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றது ஜானகியின் குரல். எங்கே விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவருமே சரியாகப் பேசியதில்லை.