இரண்டு கேமரா

தமிழில் ஒரு வேடிக்கை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? 'சாகச வீரர்' என்றால் மலை ஏறுகிறவர், கடல் தாண்டுகிறவர். மாலை போட்டு மேடையில் உட்கார வைப்போம். 'சாகசக்காரி' என்றால்? பாட்டிகள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "அவ பெரிய சாகசக்காரி. ஜாக்கிரதையா இரு!" ஒரே சொல்தான். ஆணுக்கு வீரம், பெண்ணுக்குப் பசப்பு.

அதனால்தானோ என்னவோ, துணிச்சலான மனைவியைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் 'அட்வென்ச்சரஸ் வொய்ஃப்' என்று இங்கிலீஷுக்கு ஓடிவிடுகிறோம். நண்பர் ஒருவரின் மனைவி ஐம்பது வயதுக்கு மேல் மலையேற ஆரம்பித்தார். தெரிந்தவர்கள் எல்லோரும் நண்பரைத்தான் விசாரித்தார்கள். "எப்படி சார் அனுப்பறீங்க?" அந்த அம்மாளிடம் "எப்படி ஏறினீங்க?" என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

எங்கள் காலத்தில் பெண் பார்க்கப் போனால் பஜ்ஜிக்கும் காபிக்கும் நடுவே ஒரு கேள்வி கட்டாயம் உண்டு. "ஹாபி என்ன?" நான் "போட்டோகிராபி" என்றேன். அவள் "பாட்டு கேக்கறது" என்றாள். அவளுக்கு உயிர் சைக்கிள் என்பது கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. 'சைக்கிள்னு சொல்லித் தொலைக்காதே, மாப்பிள்ளை வீட்டார் மிரண்டுடுவாங்க' என்று அவள் அம்மா சொல்லி வைத்திருந்தாராம்.

கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஹாபி ஒன்றாகிவிட்டது. அதாவது, என்னுடையது இரண்டு பேருக்குமாக ஆகிவிட்டது. மாமல்லபுரம், தாராசுரம், கொடைக்கானல் என்று நான் படம் எடுப்பேன். அவள் லென்ஸ் பையைச் சுமப்பாள், குடை பிடிப்பாள், "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வா" என்றால் வருவாள். "எங்க ரெண்டு பேருக்கும் போட்டோகிராபின்னா உயிர்" என்று நான் பல பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் சமீபத்தில் ஒரு படம் பார்த்தபோதுதான் புரிந்தது.

படத்தின் பெயர் 'ஃபயர் ஆஃப் லவ்'. 2022ல் சாரா டோசா இயக்கிய ஆவணப்படம். ஆஸ்கருக்குப் போட்டியிட்டது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த காத்தியா, மொரீஸ் க்ராஃப்ட் என்ற தம்பதியின் கதை. அவர் 1942ல் பிறந்தவர், இவர் 1946ல். ஆமாம், மனைவி நாலு வயது மூத்தவர். நம் ஊர் ஜோசியர் இந்த ஜாதகத்தைத் திறந்த வேகத்திலேயே மூடியிருப்பார். காத்தியா ரசாயனம் படித்தவர், மொரீஸ் நிலவியல். 1970ல் கல்யாணம். குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். உலகத்தில் எங்கே எரிமலை பொங்குகிறதோ அங்கே ஓடுவது. எல்லோரும் ஊரைக் காலி செய்துகொண்டு இந்தப் பக்கம் ஓடிவரும்போது இவர்கள் மட்டும் அந்தப் பக்கம்!

எரிமலைகளை அவர்கள் சிவப்பு, சாம்பல் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சமையலறை பாஷையில் சொல்கிறேன். சர்க்கரைப் பாகு இளகலாக இருந்தால் குமிழி சுலபமாக வெளியேறிவிடும், பாகு வழிந்து ஓடும். அது சிவப்பு எரிமலை. ஓடுகிற குழம்பின் பாதை ஓரளவு தெரியும் என்பதால் கொஞ்சம் நெருங்கலாம். கெட்டியாகிவிட்டால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெயிட் அடைத்துக்கொண்ட பிரஷர் குக்கர் மாதிரி ஒரு நாள் வெடிக்கும். அது சாம்பல் எரிமலை. பல நூறு டிகிரி சூட்டில் வாயுவும் சாம்பலும் பாறைத் துகளும் கலந்த மேகம், மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் சரிவில் இறங்கும். ஓடித் தப்புகிற சமாசாரமில்லை.

படத்தை இரண்டு காரணங்களுக்காகப் பார்க்கலாம். முதல் காரணம், காட்சிகள். வெள்ளி நிற வெப்பக் கவசம் போட்ட ஒரு சின்ன உருவம், எதிரே ஆளைவிடப் பல மடங்கு உயரத்தில் நெருப்புத் திரை. கிராஃபிக்ஸ் இல்லை, டூப் இல்லை. க்ராஃப்ட் தம்பதி விட்டுப்போன சுமார் 200 மணி நேர 16 எம்.எம். பிலிமிலிருந்து பொறுக்கி எடுத்துக் கோத்திருக்கிறார்கள். எடிட்டிங் பிரமாதம். இரண்டாவது காரணம், ஒரு நேர்மை. இவர்கள் முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் இருக்கின்றன என்று படமே ஒப்புக்கொள்கிறது. நம் ஆள் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மழையில் ஒரு டூயட்டும் சேர்த்திருப்பார்.

இனி என் சண்டை. படம் இதை ஒரு முக்கோணக் காதலாகச் சொல்கிறது. அவன், அவள், எரிமலை. மிராண்டா ஜூலையின் பின்னணிக் குரல் ரகசியம் சொல்வது போல மிருதுவாக வந்துகொண்டே இருக்கிறது. முதல் அரை மணி நேரம் இனிக்கிறது. அப்புறம் திகட்டுகிறது. ஏனென்றால் அந்தக் குரல் காத்தியாவை எப்போதும் காதலியாகவே வைத்திருக்கப் பார்க்கிறது. அவர் பார்த்த வேலை அந்த இனிப்பில் கரைந்துபோகிறது.

என்ன வேலை? கூர்ந்து பார்த்தால் பிலிமிலேயே பதில் இருக்கிறது. சினிமா கேமரா மொரீஸ் கையில். அதனால் ஓடுகிற படத்தில் நாம் அதிகம் பார்ப்பது காத்தியாவை. ஸ்டில் கேமரா காத்தியா கையில். அதனால் புகைப்படங்களில் மொரீஸ். ஒருவரை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருபது வருஷம்! டி.வி.யில் வாயாடியது மொரீஸ். வாயுக்களைச் சேகரித்தது, ஆராய்ந்தது, ஸ்டில்களைக் குவித்தது காத்தியா. புத்தகங்களில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. ஆக, ஒரு ஹாபியை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள் என்று சொல்வதே சரியில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனி வேலை, தனித்தனிக் கருவி. இடம் மட்டும்தான் ஒன்று.

படத்தின் மிக நல்ல கட்டம் ஒரு ஏரியில் வருகிறது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் காவா இஜென் என்று ஓர் எரிமலை. அதன் வாயில் பச்சை நிறத்தில் அழகான ஏரி. தண்ணீர் இல்லை சார், அமிலம். 1971ல் மொரீஸ் ஒரு ரப்பர் படகை எடுத்துக்கொண்டு, கூட இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு, அதில் துடுப்பு போடக் கிளம்பிவிட்டார். காத்தியா ஏறவில்லை. கோபப்பட்டார். இது துணிச்சல் இல்லை, முட்டாள்தனம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எரிமலை வாயில் நின்று மூச்சுவிட்ட பெண் 'இதற்கு வரமாட்டேன்' என்றதுதான் எனக்கு அந்தப் படத்திலேயே பெரிய சாகசம். படமோ அதை ஒரு செல்லச் சண்டை மாதிரி காட்டிவிட்டு அடுத்த மலைக்குப் போய்விடுகிறது.

மொரீஸ் ஆள் கனமானவர். அவர் நடந்த இடம் தாங்கினால் தன்னையும் தாங்கும், அதனால் பின்னால் நடப்பது சௌகரியம் என்கிற அர்த்தத்தில் காத்தியா ஓர் இடத்தில் பேசுகிறார். அவர் செத்தால் கூடவே இருந்துவிடலாம் என்றும் சொல்கிறார். முதலாவது ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் கணக்கு. இரண்டாவது காதல். படம் இரண்டாவதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்கிறது.

1991 ஜூன் 3, ஜப்பானின் உன்சென். சாம்பல் எரிமலை. அன்றைய சூட்டு மேகம் 43 பேரைக் கொண்டுபோனது. பத்திரிகையாளர்கள், தீயணைப்பு வீரர்கள், டாக்ஸி டிரைவர்கள், கூடவே காத்தியாவும் மொரீஸும். படம் இந்த மரணத்தைக் காதலின் நிறைவாகவே கொண்டுபோய் நிறுத்துகிறது. பார்க்கிறவருக்குத் தொண்டை அடைக்கிறது. எனக்கும் அடைத்தது. ஆனால் புருஷனோடு சேர்ந்து போனாள் என்று ஒரு பெண்ணைப் புகழ்வதில் நம் தேசத்துக்கு ஒரு பழைய கெட்ட பழக்கம் உண்டு. அதற்குக் கல் நட்டுக் கும்பிட்டவர்கள் நாம். ஆகவே இந்த இடத்தில் நாம் மற்றவர்களைவிட ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காத்தியா அங்கே போனது மொரீஸின் மனைவி என்பதற்காக மட்டுமல்ல. அது அவருடைய வேலை.

அந்த வேலையின் பலன் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்து, பனி உருகி, சேறாக இறங்கி ஆர்மெரோ என்ற ஊரை மூடியது. மொத்தம் சுமார் 23,000 பேர் செத்தார்கள். ஆபத்தைக் காட்டும் வரைபடம் முன்பே தயாராக இருந்தது. ஜனங்களை வெளியேற்றத்தான் ஆள் இல்லை. இதைப் பார்த்து நொந்துபோன தம்பதி, எரிமலை என்னவெல்லாம் செய்யும் என்று ஜனங்களும் அதிகாரிகளும் கண்ணால் பார்க்க ஒரு வீடியோ இருந்தால் தேவலை என்று அதில் இறங்கினார்கள். பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை உறுமத் தொடங்கியபோது அந்த வீடியோவைத்தான் அங்கே போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் நம்பினார்கள். ஆயிரமாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். பினடுபோ முழு வேகத்தில் வெடித்தது 1991 ஜூன் 15ல். எடுத்தவர்கள் செத்துப் பன்னிரண்டே நாள். அவர்கள் பிழைக்க வைத்த ஜனங்களுக்கு அவர்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது. கடைசியில் இந்த நினைவோடு நான் எழுந்து போயிருக்க வேண்டும். படம் என்னைக் காதல் சோகத்தோடு அனுப்பி வைத்தது.

அதே 2022ல் வெர்னர் ஹெர்ஸாக்கும் இதே பிலிம் குவியலிலிருந்து 'தி ஃபயர் விதின்' என்று ஒரு படம் செய்தார். அதில் காதல் ரொம்பக் குறைவு. இவர்கள் மெல்ல மெல்ல எரிமலை அழகிலிருந்து எரிமலை பாதித்த மனிதர்கள் பக்கம் கேமராவைத் திருப்பினார்கள் என்பதை அந்தக் கிழவர் பார்த்துவிட்டார். ஒன்றில் தம்பதி, இன்னொன்றில் கலைஞர்கள். இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் 'ஃபயர் ஆஃப் லவ்' பாருங்கள். ஆனால் பின்னணிக் குரலை முழுசாக நம்பாதீர்கள். கண்ணை நம்புங்கள்.

2023 மார்ச்சில் 'ஃபயர் ஆஃப் லவ்' வெறுங்கையோடு திரும்பிய அதே ஆஸ்கர் மேடையில் குறும் ஆவணப்படப் பரிசை வாங்கியது எது தெரியுமா? நம் முதுமலை தெப்பக்காட்டின் பொம்மனும் பெள்ளியும் தாயில்லா யானைக் குட்டிகளை வளர்த்த 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்'. கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்தது. அங்கேயும் ஒரு தம்பதி, ஒரே வேலை. படத்தைப் பார்த்தவர்களுக்குக் குட்டிகள் யாரிடம் ஒட்டிக்கொண்டன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பொம்மன் முகாமின் பாகன், பெள்ளி தற்காலிகப் பணியாளர். பரிசுக்குப் பிறகு, 2023 ஆகஸ்டில்தான் தமிழக அரசு பெள்ளியைக் காவடியாக நியமித்தது. மாநிலத்தின் முதல் பெண் காவடி என்று செய்தி வந்தது. சந்தோஷம்தான். ஒரு பெண் செய்வது 'ஒத்தாசை' இல்லை, வேலை என்று நாம் ஒப்புக்கொள்ள ஆஸ்கர் வரை போய்வர வேண்டியிருக்கிறது!

படம் முடிந்ததும் மனைவியிடம் "எப்படி?" என்றேன்.

"அந்த ஆசிட் ஏரிக்கு வரலைன்னாளே, அது நல்லாருந்தது" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவகிட்டயும் ஒரு கேமரா இருந்தது, பாத்தீங்களா?" என்றாள்.

ராத்திரி பரணிலிருந்து பழைய ஆல்பங்களை இறக்கினேன். மொத்தம் ஒன்பது. எல்லாவற்றிலும் அவள்தான். தாராசுரத்தில் தூணருகே, கொடைக்கானலில் ஏரிக்கரையில். நான் ஒன்றிலும் இல்லை. இத்தனை வருஷமாக இதை என் தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! நான் இல்லாததற்குக் காரணம், கேமரா ஒரு தடவைகூட அவள் கைக்குப் போகவில்லை. அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்பதற்கு என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை.

உங்கள் வீட்டிலும் ஆல்பம் இருக்கும், அல்லது செல்போன் இருக்கும். 'நாங்க ரெண்டு பேரும் சேந்து செய்யறோம்' என்று நீங்கள் பெருமைப்படுகிற காரியமும் ஒன்று இருக்கும். அதில் இரண்டே இரண்டு விஷயம் பாருங்கள். கருவி யார் கையில்? 'இதுக்கு நான் வரலை' என்று அந்த அம்மா எப்போதாவது சொல்லியிருக்கிறாரா, சொன்னால் வீட்டில் என்ன ஆகும்?

நான் சைக்கிள் கடையில் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. பின்னால் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும்.